வெளிச்ச அறையும் டிரைவரின் வலது காலும்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கும் துணி துவைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்த ஒன்றையும் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, எண்ணெய் போட்டாலும் போடாவிட்டாலும் கீச்சிடும் ஒரு சக்கர முக்காலி, மேசை மேல் ஒரு சின்ன இயந்திரம். பளபளக்கும் பொருள் எதுவும் அங்கே கண்ணில் படாது. எவர்சில்வர் தட்டின் மேல் துணி மூடியிருக்கும். கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிப் பைக்குள் போனபிறகுதான் ஆள் கட்டிலில் ஏறலாம். லேசர் ஒளி எதிலாவது பட்டுத் தெறித்துக் கண்ணுக்குள் போய்விட்டால் போன கண் திரும்பாது.

அந்த அறையை நடத்துகிறவளை நோயாளிகள் லைட்டம்மா என்று கூப்பிடுவார்கள். வருகிறவருக்கு முதலில் கறுப்புக் கண்ணாடி மாட்டுவாள், பிறகு தான் மாட்டிக்கொள்வாள். தடித்த பேனா மாதிரி இருக்கும் முனையை வலிக்கிற இடத்தில் நிறுத்தி, இயந்திரம் மணி அடிக்கும்வரை அசையாமல் பிடிப்பாள். பிறகு ஒரு விரல் அகலம் தள்ளி அடுத்த இடம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவன் ஓர் இடுக்குகூட விடாமல் அடிப்பதுபோல, வரிசை தப்பாமல் போவாள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்.

"முடியப்போகுது."

"ஒண்ணுமே தெரியலையே!"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் தப்பாப் பண்றேன்னு அர்த்தம்."

"காசும் குடுத்து, இருட்டுல உக்காந்து, ஒண்ணும் தெரியாம எழுந்து போறது இதான் முதல் தடவை."

"ஏன், நீங்க சினிமாவுக்கே போனதில்லையா?"

கட்டிலில் இருப்பவர் சிரிப்பார். சிரிக்கும்போது கால் ஆடும். "ஆடாதீங்க" என்று அதட்டுவாள். அவ்வளவுதான் அந்த அறையில் நடப்பது. சூடு கிடையாது, ஊசி கிடையாது, சத்தம் கிடையாது. காயத்துக்குள் சோர்ந்து கிடக்கும் சதையை அந்த ஒளி மெல்ல எழுப்பிவிடுகிறது. வலி கொஞ்சம் தணியும், வீக்கம் வடியும், புண் ஓரம் கட்டத் தொடங்கும். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை என்பதையும் அவளே முதல் நாள் சொல்லிவிடுவாள். அளவு கூடினால் எழுந்த சதை மறுபடி படுத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லுவாள். இல்லாததைச் சொல்லி ஆளைப் பிடிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் வீட்டில் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணன் வேலை பார்த்த லேத் பட்டறையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதி முடித்தால் கடைந்த இரும்பு வளையங்களை அளவுக் கருவியில் வைத்துப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பாள். "இது மயிரிழை ஜாஸ்தி" என்று அவள் ஒதுக்கியதைப் பட்டறை முதலாளி தாமே எடுத்து அளந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் வைத்துவிட்டுப் போனதுண்டு. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியது அவள் ஒருத்திதான். பிசியோதெரபியில் டிப்ளமா. இயந்திரம் வந்து இறங்கியபோது ஆஸ்பத்திரியில் யாரும் அதன் பக்கம் போகவில்லை. இவள்தான் கூட வந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். முனையிலிருந்து ஒளி சரியான அளவில் வருகிறதா என்று தினமும் காலையில் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். வேறெந்த ஆஸ்பத்திரியிலும் தினமும் பார்ப்பதில்லையாம். இவள் பார்ப்பாள்.

வீட்டில் இந்தப் பெருமை எதுவும் செல்லாது. அங்கே அவள் பெயர் டார்ச்சு.

"டார்ச்சு வந்தாச்சா?" என்பார் மாமனார், அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. "இன்னிக்கு எத்தனை பேருக்கு அடிச்சே?"

"பேட்டரி தீந்துபோச்சு மாமா. மிச்சப் பேரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"பாத்தியா, அவளே ஒத்துக்கிட்டா!"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுப்பாள். "வந்த பொண்ணு முகம் கழுவட்டும். ரிடையராகி வீட்டுல உக்காந்தாலும் உக்காந்தீங்க, வாய்க்குத்தான் இப்ப ஓவர்டைம்."

மாமனாரைத் தெரு முழுக்க டிரைவர் என்றுதான் சொல்லும். வாலிப வயதிலிருந்து பஸ் ஓட்டியவர். இன்னும் சில ஆண்டு வேலை மீதி இருக்கும்போதே, ஒரு நாள் வீட்டுக்கு வந்து "போதும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு "உடம்பு கேக்கல" என்றதோடு சரி. ஆனாலும் வண்டிப் பேச்சு மட்டும் விட்டுப்போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை முன்னால் நீட்டி, அதைப் பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டுவார். "இந்தக் கால் லேசுப்பட்டது இல்ல. தூங்குற பயணியோட தலை ஆடாம வண்டியை நிறுத்தின கால்."

"ஆமாமா, ஆடாது" என்பார் கூடவே வேலை பார்த்த கண்டக்டர். "அதனாலதான் எவனும் எழுந்திருக்காம ஸ்டாப்பைத் தாண்டிப் போயி என்கிட்ட சண்டை போடுவான்."

அந்தக் காலில்தான் புண் வந்தது.

கண்டக்டரும் அவரும் கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள். ஷூவைக் கழற்றினால் காலுறை முழுக்க ரத்தம். ஷூவுக்குள் ஒரு சோடா மூடி. பல்லுப் பல்லாக இருக்கும் அந்தத் தகரத்தை மிதித்துக்கொண்டே போகவும் வரவும் நடந்திருக்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே சதை பிய்ந்து தொங்கியது. மாமியார் அலறினாள்.

"பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல" என்றார் டிரைவர்.

"நான் பேசி நீ என்னிக்குடா கவனிச்சே?" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். லைட்டம்மாவும் சிரித்துக்கொண்டேதான் புண்ணைக் கழுவிக் கட்டினாள்.

சர்க்கரை உள்ள உடம்பு. கட்டியும் புண் ஆறவில்லை. மருந்து மாற்றியும் ஆறவில்லை. ஓரம் தடித்து, நடுவில் குழிந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியில் கால் நோய்களைப் பார்க்கும் டாக்டர் அம்மா வார்த்தையை அளந்து பேசுகிறவர். புண்ணைப் பார்த்துவிட்டு நேராக டிரைவரிடமே சொன்னார்.

"சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும். கட்டைத் தினமும் மாத்தணும். அந்தக் காலைத் தரையில ஊனவே கூடாது. இந்த மூணும் நடந்தா, நாலாவதா உங்க மருமக வெளிச்சம் உதவி பண்ணும். மூணும் இல்லைன்னா சூரியனையே கொண்டுவந்து வெச்சாலும் ஆறாது."

"ஆறலைன்னா?"

"விரல் போகும். மேல ஏறிச்சுன்னா பாதம் போகும்."



ஒளி வைக்கும் முன் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு நைலான் நூல் இருக்கிறது. படுத்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். நூல் முனையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, அது வளையும்வரை அழுத்த வேண்டும். பட்டது தெரிந்தால் அவர் "இப்ப" என்று சொல்ல வேண்டும். மருமகள் முக்காலியில் உட்கார்ந்து நூலை வைத்தாள். மாமனார் "இப்ப" என்றார். வேறு இடம். "இப்ப." இன்னொரு இடம். "இப்ப." ஓரிரண்டு தவறியதே தவிர மற்றதெல்லாம் சரி.

"கண்டக்டர் விசில் ஊதறதுக்கு முன்னாடியே கியர் போடறவன் நான்" என்றார் கண்ணைத் திறந்து.

உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று அவள் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் ஒரு கணம் புருவத்தைத் தூக்கினார். பிறகு, "நல்லது, ஆரம்பி" என்றார்.

மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்துதான் டிரைவரும் வந்தார். மருமகள் என்ற சலுகை அவர் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டியதும், "சினிமாவுல வங்கிக் கொள்ளைக்குப் போறவன் மாதிரி இருக்கேனா?" என்பார். உள்ளே அவள் "ஆடாதீங்க மாமா" என்று அதட்டுவது வெளியே வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

புண் சுருங்கத் தொடங்கியது. குழி மேலே வந்தது, ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுத் தோல் கட்டியது. வீட்டில் கட்டு மாற்றும்போது மாமியார் எட்டிப் பார்த்து, "மூடிக்கிட்டு வருதுங்க" என்பாள். டிரைவர் மட்டும் உதட்டைப் பிதுக்குவார்.

"சூடே இல்லையேம்மா. சூடு இல்லாம எது ஆறும்? இன்னும் கொஞ்ச நேரம் சேத்து வெச்சாத்தான் என்ன?"

"அளவுதான் மாமா மருந்து. கூட வெச்சா கெடும்."

"என்ன டார்ச்சோ போ."

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு நாள் காலையில் டிரெஸ்ஸிங் அறையில் கட்டைப் பிரித்தால், பழைய புண்ணுக்குப் பக்கத்தில், சுண்டுவிரலை ஒட்டிப் பெரிதாக ஒரு கொப்புளம். மேல்தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் சிவப்பு.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "இது தீக்காயம்."

எல்லார் கண்ணும் ஒரே திசையில் திரும்பியது. அந்தக் காலில் தினமும் ஒளி வைத்தவள் அங்கேதான் நின்றிருந்தாள்.

அன்றே வெளிச்ச அறைக் கதவில் தாள் ஒட்டிவிட்டார்கள். முட்டி வலிக்கு வரும் டீச்சர் ஒருவர் கைப்பையை அணைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்பத்தான்மா படி ஏற ஆரம்பிச்சேன்" என்றார், தாளைப் பார்த்தே. லைட்டம்மாவைப் பயிற்சிக் கூடத்தில் துண்டு மடிக்க வைத்தார்கள். இயந்திரம் விற்ற கம்பெனியின் ஆள் வந்து சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அது அவளுக்கு நல்லதாக முடியவில்லை.

"இயந்திரம் சரின்னா, பிடிச்ச கை தப்புன்னு ஆகுது" என்றார் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி அப்படிப் பேசவைக்கிறது. "காரணம் தெரியாம நான் கதவைத் திறக்க முடியாதும்மா. அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்குள்ள தெரியலைன்னா, இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிடலாம்னு சொல்றாங்க."

வீட்டில் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "ஊர்க் காலெல்லாம் நல்லாப் பண்ணிட்டு, வீட்டு மனுஷன் கால்லயா இப்படிப் பண்ணே?" என்று மாமியார் ஒரே ஒரு தடவை கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அடுப்படியில் போய் அழுதாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவன், "நீ தப்புப் பண்ணியிருக்க மாட்டே" என்றான். சொல்லும்போது அவன் கண் அப்பாவின் கால்மேல்தான் இருந்தது. டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றினால் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. கொப்புளம் உடைந்து சீழ் வைத்து, ஆஸ்பத்திரியிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. சுண்டுவிரலும் அடுத்ததும் கறுத்துக்கொண்டு வந்தன.

அவள் தன் உள்ளங்கையிலேயே முனையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. ஒளியின் அளவை மறுபடி மறுபடி பார்த்தாள். அதில் பிழை இல்லை. இந்த ஒளி தோலைச் சுடாது, சுடவும் முடியாது. பட்டறையில் வளையம் பிரித்த புத்தி அவளை விடவில்லை. ஒரு அளவு சரியில்லை என்றால், அதற்கு முந்தைய அளவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

துண்டு மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. எதனால் சுட்டது என்று எல்லாரும் கேட்கிறார்கள். சுட்டபோது இவர் ஏன் காலை இழுத்துக்கொள்ளவில்லை? மயிர் மாதிரி ஒரு நூல் பட்டது தெரிகிற காலுக்கு, தோல் வெந்துபோனது தெரியாமல் போகுமா?

மடித்த துண்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மத்தியானம், டிரைவரைக் கட்டு மாற்ற டிரெஸ்ஸிங் அறையில் படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளிச்ச அறையிலிருந்த முக்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"மாமா, நூலை இன்னொரு தடவை வெச்சுப் பாத்துடலாம். இந்தத் தடவை நல்ல இடமா பாத்து வெக்கறேன். கண்ணை மூடிக்கோங்க."

"அதான் அன்னிக்கே பாத்தியேம்மா."

"பாத்தேன். சரியாப் பாத்தேனான்னு பாக்கணும்."

அவர் கண்ணை மூடினார். அவள் முன்னால் சாய்ந்து குதிகாலில் நூலை வைத்தாள். முக்காலி கீச்சிட்டது.

"இப்ப" என்றார்.

பின்னால் சாய்ந்தாள். மறுபடி முன்னால் வந்தாள். முக்காலி கீச்சிட்டது. நூல் அவள் கையில்தான் இருந்தது. பாதத்தைத் தொடவில்லை.

"இப்ப."

இன்னொரு தடவை. கை காற்றில் நின்றது.

"இப்ப."

அவள் சத்தமில்லாமல் எழுந்தாள். முக்காலியைக் கீச்சிடாமல் இரண்டு கையாலும் தூக்கித் தள்ளி வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, புண் இல்லாத இடமாகப் பார்த்து, நூலைப் பாதத்தில் ஊன்றினாள். நூல் வில்லாக வளைந்தது. டிரைவர் முகத்தைச் சுளிக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு, விசிலுக்குக் காத்திருப்பவர்போலப் படுத்திருந்தார். நடுப்பாதம். ஒன்றும் இல்லை. குதிகாலின் ஓரம். ஒன்றும் இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இல்ல மாமா. இப்பத்தான் சரியா ஆரம்பிச்சிருக்கேன்."

அவர் கண்ணைத் திறந்தார். தூரத்தில் முக்காலி. நின்றுகொண்டிருக்கும் மருமகள். தன் பாதத்தில் வளைந்து நிற்கும் நூல். மூன்றையும் பார்த்தார். பஸ்ஸின் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துப் பழகிய கண், ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டது.

"எத்தனை நாளா மாமா?" என்றாள், மெதுவாக.

"நாளா!" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "வேலையில இருக்கும்போதே ஆரம்பிச்சிடுச்சும்மா. முதல்ல பஞ்சு மேல மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்புறம் பஞ்சும் இல்ல. பிரேக்குல கால் இருக்கான்னு குனிஞ்சு பாத்துப்பேன். வண்டி முனகறதை வெச்சு எவ்வளவு மிதிச்சிருக்கேன்னு கணக்குப் போட்டுப்பேன். காது இருந்துச்சு, சமாளிச்சேன். ஒரு நாள் சாயங்காலம் ஸ்டாப்புல நிறுத்தினேன். நிறுத்திட்டேன்னுதான் நினைச்சேன். வண்டி உருண்டுக்கிட்டே இருக்கு. வரிசையா ஆளுங்க நிக்கறாங்க, முன்னால ஒரு பொம்பளை, கையில குழந்தை. கண்டக்டர் கத்தின கத்துலதான்…" அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. மறுநாளே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். அவன்கிட்டகூடக் கவனிக்கலைன்னுதான் சொன்னேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கொப்புளம் எப்படி மாமா வந்துச்சு? நிஜமா உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதும்மா."

"வீட்டுல வேற ஏதாவது வெச்சீங்களா? தைலம், ஒத்தடம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வெளிச்சம்தான்."

"என்ன வெளிச்சம்?"

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். தப்புச் செய்து பிடிபட்ட பையன்போல் குரல் இறங்கியது. "கண்டக்டர் முதுகு வலிக்கு ஒரு சிவப்பு பல்பு வாங்கி வெச்சிருக்கான். அவன் அதைத் தொடறதே இல்ல, இரவலா கேட்டு வாங்கினேன். நீயும் உங்க அத்தையும் வீட்டுல இல்லாதப்போ, கதவைச் சாத்திக்கிட்டு, கட்டை அவுத்துட்டு… கால்கிட்ட வெச்சுக்கிட்டுப் படுப்பேன். உன்னோடதும் சிவப்பு, அதுவும் சிவப்பு. உன்னோடதுலயும் சூடு தெரியல, அதுலயும் தெரியல. ஒரே சாதின்னு நினைச்சேன்."

"அந்த பல்புகிட்ட கையை வெச்சுப் பாத்தீங்களா?"

"கை எதுக்கு? கால்லதானே புண்ணு."

அவரே தொடர்ந்தார். "உன் வெளிச்சத்துல புண் மூடிக்கிட்டு வந்துதும்மா. நான் என்ன குருடனா? தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். இன்னும் கொஞ்சம் சேத்து அடிச்சா சட்டுன்னு ஆறிடும், டாக்டர் எல்லார் முன்னாலயும் உன்னைப் பாராட்டுவாங்கன்னு ஒரு ஆசை."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவள் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்கிறார், அதுவும் இப்படி. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா, பஸ் விஷயம் உங்களோடது. அதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்க பையன்கிட்டகூட. ஆனா கால்ல உணர்ச்சி இல்லைங்கறது டாக்டருக்குத் தெரிஞ்சே ஆகணும். தெரியாம வைத்தியம் பண்ணினா காலே போயிடும். நான் போய் சொல்றேன். நூல் வெச்சது நான், தப்பா வெச்சதும் நான்."

"உன் தப்புன்னா சொல்லப்போறே?"

"முக்காலிச் சத்தத்தைக் கவனிக்காதது என் தப்புதானே."

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் ஓசை வந்து தேய்ந்தது. டிரைவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"சக்கர நாற்காலியைக் கொண்டா. டாக்டரைப் பாக்கலாம். நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கறேன்."

டாக்டர் அறைக்குள் போகும்போது, சாப்பாட்டுப் பையோடு கணவனும் வந்து சேர்ந்தான். "நீ வெளியே இருப்பா" என்று டிரைவர் சொல்வார் என்று அவள் நினைத்தாள். அவர் சொல்லவில்லை. நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பார்த்தபடியே முழுவதையும் சொன்னார். பல்பைச் சொன்னார். முக்காலியைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. பஸ்ஸையும், வரிசையில் நின்ற பெண்ணையும், அவள் கையிலிருந்த குழந்தையையும் சொன்னார். மகன் கையிலிருந்த பை மெல்லக் கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

டாக்டர் கேட்டு முடித்தார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி ஆரம்பிச்சிருப்பேன்" என்றார். அதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. பிறகு லைட்டம்மாவைப் பார்த்தார். "இனிமே நூல் வெக்கும்போது நின்னுக்கிட்டே வை. நடுவுல தொடாமலும் வெச்சுப் பாரு. நானும் அன்னிக்கே மறுபடி பாத்திருக்கணும்."

சாயங்காலம் கண்டக்டர் பல்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். டாக்டர் அதைப் போடச் சொல்லி, எதிரே கையை நீட்டி, உடனே இழுத்துக்கொண்டார்.

"முதுகுக்கு அரை முழம் தள்ளி வெச்சாலே நான் துள்ளிக் குதிப்பேன் டாக்டர்" என்றார் கண்டக்டர். "இவன் எப்படி இதைக் கால் மேலயே…" என்று நண்பன் பக்கம் திரும்பியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "இரவல் கேட்டப்போ முதுகுக்குன்னு நினைச்சுத்தான்டா குடுத்தேன்" என்றார், தரையைப் பார்த்து.

வெளிச்ச அறைக் கதவிலிருந்த தாளைக் கிழித்தார்கள். மேலாளர் அவளிடம் வந்து, "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றார். டீச்சர் முதல் ஆளாக வந்து கட்டிலில் ஏறினார். "வீட்டுல வேற ஏதாவது வெளிச்சம், சூடு, ஒத்தடம் வெக்கறீங்களா?" என்று லைட்டம்மா கேட்டாள். இப்போது யார் வந்தாலும் கறுப்புக் கண்ணாடி மாட்டும் முன் அதைத்தான் கேட்கிறாள். நூலை நின்றுகொண்டுதான் வைக்கிறாள்.

ஆனால் கறுத்த விரல்கள் திரும்பவில்லை. சீழ் எலும்பைத் தொட்டுவிட்டது. சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. கட்டைவிரல் அடியிலிருந்த பழைய புண், இத்தனைக்கும் நடுவே, யாரும் கவனிக்காமலே பாதிக்குமேல் மூடியிருந்தது. அறுத்த இடம் தேறியபிறகு மறுபடி ஒளி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இந்தத் தடவை, பாதத்தில் எதுவும் தெரியாது என்பதை முன்வைத்தே அளவு போட்டுக் கொடுத்தார்.

டாக்டர் அறையில் கேட்ட பிறகு மகன் அந்த பஸ் பேச்சை எடுக்கவே இல்லை. தினமும் அச்சகம் விட்டு வார்டுக்கு வருவான். சாப்பிட்டீங்களா என்பான். மாத்திரை போட்டீங்களா என்பான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேரம் முடியும்வரை செய்தித்தாளை விரித்து வைத்திருப்பான். தாள் திரும்பாது. அப்பாவும் பேசமாட்டார். வேலைக்கு நடுவே வார்டுக்கு வரும்போதெல்லாம் லைட்டம்மா இதைப் பார்த்தபடிதான் போவாள்.

ஒரு நாள் அவள் வார்டு வாசலுக்கு வந்த நேரம், சாப்பாட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டு போன தள்ளுவண்டி திரும்பும்போது டிரைவரின் கட்டில்மேல் மோதியது. வண்டியின் இரும்பு விளிம்பு, கட்டுப் போட்ட பாதத்தில் நேராக இடித்தது. தட்டுகள் குலுங்கின. தள்ளியவள் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகன் செய்தித்தாளைப் போட்டுவிட்டு எழுந்தான். "அப்பா! வலிக்குதா?"

டிரைவர் வாயைத் திறந்தார். வழக்கமாக வரும் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்ற வார்த்தை உதடு வரைக்கும் வந்ததை லைட்டம்மா பார்த்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தெரியலடா" என்றார். "நீ பாத்துச் சொல்லு."

மகன் குனிந்தான். அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கி, வெளிச்சம் படும் பக்கமாகத் திருப்பி, கட்டின் ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தான். அடியில் பார்த்தான், ஓரத்தில் பார்த்தான், விரல்கள் இல்லாத இடத்தில் நிறுத்திப் பார்த்தான்.

"ரத்தம் இல்லப்பா. கட்டு அப்படியேதான் இருக்கு."

"சரி" என்றார் டிரைவர்.

மகன் காலைக் கீழே வைக்கவில்லை. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்தான்.